ஒண்ணாம் பாத்தி எங்க சார்?

தன் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு விளக்கக் குறிப்பு எழுதி ஒட்டிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்லத் தயார். குறிப்பு இப்படி இருக்கும்: ‘உள்ளே: தக்காளி சாதம். தயாரித்தவர்: மனைவி. தயாரித்த நேரம்: காலை ஆறே கால். குறை: உப்பு கம்மி, தயாரித்தவருக்குத் தெரிவிக்கப்பட்டது. பயன்பாடு: ஒருவருக்கு மட்டும்.’ கடைசி வரி எனக்காக எழுதப்பட்டது என்பதை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே புரிந்துகொண்டேன்.

அலுவலகத்தில் அவர் பெயர் ரீட்மீ. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபைல்களெல்லாம் என்ன, யார் செய்தது, எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்காக ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைல் வைப்பார்கள். என்னைப் படி, என்னைப் படி என்று அது பாட்டுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அந்த ஃபைல் இல்லாத ஃபோல்டரை இவர் கையால் தொடமாட்டார். பட்டப்பெயர் வைத்தது நாங்கள்தான். விஷயம் காதுக்குப் போனபோது அவர் கோபப்படவில்லை. ஊழியர் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே ‘வேறு பெயர்: ரீட்மீ. புழக்கத்தில் உள்ளது’ என்று தானே சேர்த்துவிட்டார்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, ஈசிஆரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வாடகை வீட்டு மாடியில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று அறை, ஒரு இயக்குநர், ரீட்மீ, நான், ஒரு ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் உப்பளத்துத் தண்ணீர் பாட்டில்களும் இயக்குநரின் தயிரும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. உப்புப் பாத்திகளில் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது, எவ்வளவு சுடுகிறது, மண்ணுக்கடியில் உப்பு கழுவெளி ஏரிப் பக்கத்திலிருந்து ரோட்டுப் பக்கம் நகர்ந்து வருகிறதா என்று தினமும் அளந்து எழுதுவதுதான் வேலை. எனக்கு முன்னால் வேறு ஆட்கள் அளந்தார்கள், பிறகு நான் அளந்தேன். ஆக மொத்தம் பதினொரு வருஷத்து அளவு. அதைக் காலத்துக்கும் காப்பாற்றி வைப்பது ரீட்மீயின் பொறுப்பு.

காப்பாற்றுவது அங்கே லேசுப்பட்ட காரியம் இல்லை. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. புது கீபோர்டு வாங்கி எட்டு மாதத்தில் பாதி எழுத்து அமுங்காது. இயக்குநரின் இரும்பு நாற்காலி ஒரு நாள் மீட்டிங் நடுவில் அவரோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தது. அதனால் ரீட்மீ எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வைத்திருந்தார். ஒன்று நிலையத்தில், ஒன்று தலைமை அலுவலகத்தில், மூன்றாவது கிளியனூரில் அவர் வீட்டு அரிசி டிரம்முக்குள். கிளியனூர் வரை கடல் காற்று வராது, வந்தாலும் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அவர் மனைவி தினமும் உலை வைக்கும் முன் பதினொரு வருஷ ஆராய்ச்சியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அரிசி அளப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீட்மீ மூன்று நகலையும் எடுத்து, ஒவ்வொரு ஃபைலும் திறக்கிறதா என்று திறந்து பார்ப்பார். திறந்து பார்க்காத நகலை அவர் நகல் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் யாருக்காக? அதுதான் விசேஷம். நூறு வருஷம் கழித்து ஓர் ஆள் வருவாராம். வந்து, இந்தக் கடற்கரையில் உப்பு எப்படி இருந்தது என்று கேட்பாராம். அந்த ஆளை ரீட்மீ ‘வர்றவரு’ என்று மரியாதையாகச் சொல்வார், ஏதோ சித்தப்பா திண்டிவனத்தில் பஸ் ஏறிவிட்ட மாதிரி. அழகாகக் கலர் கலராக நான் எக்செல்லில் அட்டவணை போட்டுக் கொடுத்தால், “வர்றவருகிட்ட எக்செல் இருக்குமா சார்?” என்று கேட்டுவிட்டு, எல்லாக் கலரையும் உரித்து, வெறும் எழுத்தும் எண்ணுமாக மாற்றிவிடுவார். பேனாவால் எழுதினால், தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும், வர்றவரு என்ன செய்வாரு என்று பென்சிலைக் கையில் திணிப்பார். போகப்போக இயக்குநரே தலைமை அலுவலகத்தை விட வர்றவருக்குத்தான் அதிகம் பயப்பட ஆரம்பித்தார்.

பழைய கோயில் எதற்குப் போனாலும் சாமி கும்பிடும் முன் சுவரைப் போய்ப் பார்ப்பார். கல்வெட்டு இருந்தால் முகம் மலர்ந்துவிடும். யார் கொடுத்தது, எந்த வருஷம், எந்த நிலம், நாலு பக்கமும் எல்லை என்ன, எல்லாம் இருக்கிறது பாருங்கள், இதுதான் உண்மையான ரீட்மீ என்பார். அதிலும் கடைசியில் வருகிற சாபம் அவருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. ஒரு நாள் திடீரென்று எங்கள் நிலையத்தின் எல்லா ஃபோல்டரிலும், ‘இந்தத் தரவை அழிப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்’ என்று ஒரு வரி முளைத்தது. அதை விதிமுறையில் இல்லை என்று சொல்லி எடுக்க வைக்க இயக்குநருக்கு ஒரு வாரம் ஆனது.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் அவசரக்காரன். என் ஃபைல்களுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’, ‘இதுவேதான்’ என்று பெயர் வைப்பேன். அவர் அவற்றைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார். திட்டமாட்டார். கூடவே ஒரு காகிதம் வரும்: ‘இதுவேதான் என்றால் எது?’ எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைவிட எட்டு வயது மூத்தவர், டைப் அடிக்கச் சேர்ந்து படிப்படியாக வந்தவர், நான் ஆராய்ச்சியாளன் என்பதால் என்னை சார் என்பார். நான் அவரை அண்ணா என்பேன். சார், அண்ணா என்று சொல்லிக்கொண்டே ஆறு வருஷம் சண்டை போட்டோம்.

அப்புறம் ஒரு நாள் நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வீட்டுக்காரர் மாடியை ரிசார்ட் ஆக்கப் போகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மேஜை, நாற்காலி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏலம். பதினொரு வருஷத்து அளவை மட்டும் வெளியூரில் இருந்த ஒரு தரவுக் காப்பகம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. அவர்கள் வாங்கிக்கொண்டால் அது எத்தனை காலம் ஆனாலும் இருக்கும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வாங்காவிட்டால் அரிசி டிரம்தான் கதி. நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அளவும் எப்போது, எங்கே, யாரால், எந்த மீட்டரால் எடுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வருஷம் சொல்ல முடியாமல் போனாலும் தொடர் இரண்டாக உடைந்துவிடும். உடைந்த துண்டுகளை வைக்க அவர்களிடம் இடம் இல்லை.

ரீட்மீக்கு அது கல்யாண நாள் குறித்த மாதிரி. பத்து வருஷத்துக்கான குறிப்பு எல்லாம் ஏற்கெனவே தயார். ஒவ்வொரு வருஷமும் பாத்திகளுக்குப் பக்கத்தில் எண் எழுதிய கல் நட்டு, அதைப் படம் பிடித்தும் வைத்திருந்தார். மீதி ஒரு வருஷம்தான். மூன்று வருஷம் முந்தைய அந்த சீசன் முழுக்க அவரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அளப்பது, எழுதுவது, கல் நடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. கல் நட எனக்கு நேரம் இருக்கவில்லை.

மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பென்சிலைச் சீவினார்.

“ஒண்ணாம் பாத்தி எங்க சார் இருந்துச்சு?”

“மொதல்ல இருந்துச்சு.”

“எங்கேர்ந்து மொதல்ல?”

“வண்டி நிறுத்துற இடத்திலேர்ந்து.”

“வண்டியை எங்க நிறுத்துவீங்க?”

“டீக்கடைகிட்ட.”

“டீக்கடை எப்போ வந்துச்சு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையாகப் பன்னிரண்டு பாத்தி. ஒரு முனை ரோட்டுப் பக்கம், மறுமுனை கழுவெளிப் பக்கம், மோட்டார் கொட்டகையை ஒட்டி. சீசன் ஆரம்பத்தில் நான் பைக்கை ரோட்டுப் பக்கம் நிறுத்தி, அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் கொட்டகைப் பக்கம் ஒரு டீக்கடை திறந்தார்கள். பைக் அங்கே போனது. எண்ணிக்கையும் என்னோடு அங்கே போனது. அதாவது அதுவரை ஒன்றாக இருந்த பாத்தி ஒரு நாள் காலையில் பன்னிரண்டு ஆகிவிட்டது. எந்த நாள் என்று நோட்டில் இல்லை. உப்பு கழுவெளியிலிருந்து வருகிறதா, ரோட்டிலிருந்து போகிறதா என்ற ஆராய்ச்சியே அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. உப்பளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வரப்பெல்லாம் கரைந்துவிடும். தை பிறந்ததும் சேற்றை வாரி, புதிதாக வரப்பு போட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, புதுப் பாத்தி கட்டுவார்கள். நான் அளந்த பன்னிரண்டு பாத்தியும் மூன்று மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன.

எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, கரிப்பு எந்தப் பக்கம் அதிகமோ அது கழுவெளிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

“எண்ணை வச்சு எடத்தைக் கண்டுபிடிச்சிட்டு, அப்புறம் அந்த எடத்தை வச்சு எண்ணை நம்பச் சொல்றதா சார்?”

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். சரி அண்ணா, பங்குனி ஒண்ணாம் தேதி என்று ஒரு நாளைப் போட்டுவிடுங்கள், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஆறு வருஷத்தில் பாதி வேலையில் அவர் பென்சிலை வைத்து நான் பார்த்ததில்லை.

“தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதுவேன். தொடர் ஒடையும். ஒடையட்டும் சார். பொய்யா ஒண்ணு நூறு வருஷம் இருக்கறதுக்கு, ஒண்ணும் இல்லாமலே போவட்டும்.”

எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் என் சாப்பாட்டு டப்பா மேஜையில் தனியாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் சோம்பேறித்தனத்தால் ஒரு மனிதருடைய பதினொரு வருஷம் நடுவில் முறிந்து கிடக்கிறது, அதைப் பொய்யால் ஒட்டவும் நானே யோசனை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அவரே வந்து, டீக்கடைக்குப் போகலாம் வாங்க சார் என்றார். சமாதானத்துக்கு டீ வாங்கித் தரப் போகிறார் என்று நினைத்துக் கிளம்பினேன். கையில் நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

டீக்கடை செல்வி அக்காவுடையது. உப்பளத்து ஆட்களுக்காகவே போட்ட கடை. காலை வேலை முடிந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே டீயோடு உட்கார்ந்திருந்தார்கள், கூடவே அவர்களை மேய்க்கிற மேஸ்திரியும். கடை எந்த நாள் திறந்தது என்று ரீட்மீ கேட்டார். செல்வி அக்கா யோசிக்கவே இல்லை. மாசி மகம் முடிந்து அடுத்த புதன்கிழமை, ஏனென்றால் கடல் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தைப் பிடிக்க நினைத்து ஸ்டவ் வராமல் தவறவிட்டது இன்னும் அவருக்கு ஆறவில்லை. சரி, இந்த சார் எந்த நாளிலிருந்து இங்கே வர ஆரம்பித்தார் என்று ரீட்மீ அடுத்த கேள்வியைப் போட்டார்.

“மொத நாளே வந்தாரு. மொத போணியே இவர்தான். டீயைக் குடிச்சிட்டுப் போயி நேரா பாத்தியில வுழுந்தாரு.”

மொத்தக் கடையும் சிரித்தது. நான் விழுந்தது உண்மைதான். அதை உலகம் மறந்துவிட்டது என்று மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ரீட்மீ மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

“எந்தப் பாத்தியிலம்மா?”

அதை மேஸ்திரி சொன்னார். கொட்டகையிலிருந்து மூணாவது. அந்த வருஷம் அந்தப் பாத்தி மட்டும் மிதித்தது சரியாகக் காயவில்லை, கால் வைத்தால் வழுக்கும், அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சார் உள்ளே போய்விட்டார். முன்பக்கமாக விழுந்தாரா, பின்பக்கமாகவா என்று ரீட்மீ கேட்டார். இது எதற்கு அண்ணா என்றேன். வர்றவரு கேட்பாரு என்றார். ஒரு பெண் எழுந்து நான் விழுந்த விதத்தை நடித்துக் காட்டினார். இன்னொருவர், மீட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்ததை இவள் விட்டுவிட்டாள் என்று திருத்தினார். மூன்றாவது ஆள் திரும்பவும் நடிக்க வேண்டியிருந்தது. ரீட்மீ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பிறகு என் பழைய நோட்டைப் பிரித்தார். அந்தப் புதன்கிழமையைத் தேடி எடுத்தார். உப்புக் கறை படிந்த பக்கம். என் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: ‘பா. 3, அளவு தாமதம், துணி ஈரம்.’ நான் ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணியிருந்தால் விழுந்த பாத்தி பத்தாவதாக இருந்திருக்கும். மூன்று என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின நாள் டீக்கடையே இல்லை. ஆக, அந்தப் புதன்கிழமை காலையில்தான் என் எண்ணிக்கை திரும்பியது. ரீட்மீ நோட்டை மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் இரண்டாவது டீ குடித்தது அன்று ஒருநாள்தான்.

சாட்சி சொன்னவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். மழைக்கால நிவாரணத்துக்கு எழுதுகிறார்கள் என்று நினைத்து அடுத்த பாத்தி ஆட்களும் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் கேட்டார்:

“இதுல எதுனா வருமா சார்?”

“ஒண்ணும் வராதும்மா. பேரு இருக்கும்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“அதைப் பாத்துக்கறதுதான்மா என் வேலை.”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைசி நாள், ஏலம் எடுத்தவர்கள் ஃப்ரிட்ஜைப் படியில் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் காப்பகத்திலிருந்து மெயில் வந்தது. பதினொரு வருஷமும் ஒரே தொடராக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரீட்மீ அதை இரண்டு முறை படித்தார். மெயிலை மூன்று நகல் எடுத்தார். மூன்றையும் திறந்து பார்த்தார். அப்புறம் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். நானும் கூப்பிடப் போகவில்லை.

அவர் இப்போது கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே சாக்பீஸ் டப்பாவுக்கும் குறிப்பு ஒட்டியிருப்பதாகக் கேள்வி. நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்படி எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். காப்பகத்தின் பக்கத்தை நான் ரொம்ப நாள் திறந்து பார்க்கவே இல்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் புதுச்சேரி போகிற பஸ் கோட்டக்குப்பத்தில் நெரிசலில் நின்றுவிட்டபோது, பொழுது போகாமல் போனில் திறந்தேன்.

எதிர்பார்த்தபடியே எல்லாம் இருந்தது. அளந்தவர் டீக்கடைப் பக்கம் மாறியது, எண்ணிக்கை திரும்பியது, பாத்தியில் விழுந்தது, பின்பக்கமாக விழுந்தது, மீட்டர் தலைக்கு மேலே இருந்தது, பன்னிரண்டு சாட்சிகள், இன்ஷியலோடு. தமிழிலும் இருந்தது, இங்கிலீஷிலும் இருந்தது. ஜப்பான்காரர் ஒருவர் நாளைக்கு உப்பைப் பற்றித் தேடினால் நான் விழுந்ததைப் படிக்காமல் மேலே போக முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறக்கினேன். ‘அளந்தவரைப் பற்றி’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்:

‘இந்த சீசனில் ஒரு நாளும் அளவு விடுபடவில்லை. காய்ச்சல் நாளிலும் இருக்கிறது, வருஷப் பிறப்பு அன்றும் இருக்கிறது. விழுந்த அன்று ஈரத் துணியோடு நின்று பன்னிரண்டு பாத்தியையும் அளந்திருக்கிறார். இடத்தை விசாரித்துக்கொள்ளவும். எண்களை முழுதாக நம்பலாம்.’

எனக்குக் காய்ச்சல் வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அந்த நாட்களில் என் கையெழுத்து கோணியிருக்கும், அதைப் பார்த்திருப்பார். படித்த பட்டத்துக்கும் பார்த்த வேலைகளுக்கும் எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று கூட என்னைக் கண்கலங்க வைத்ததில்லை. இதற்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

உடனே போன் போட்டேன். படிச்சேன் அண்ணா என்றேன்.

“எதுனா தப்பு இருக்குதா சார்?”

“இல்லண்ணா.”

“அப்போ வச்சிடறேன்.”

வைத்துவிட்டார். உண்மையில் ஒரு குறை இருந்தது. திரும்ப மேலிருந்து கீழே தேடிவிட்டேன். அளந்த ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார், டீக்கடையைப் பற்றியும் எழுதியிருக்கிறார், காத்தவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை. அப்படி ஒரு மனிதர் இருந்தார், அவர் எழுதியதில் எண்ணையும் நம்பலாம் இடத்தையும் நம்பலாம் என்று நான் எழுதிச் சேர்த்தால், தலையை நிமிர்த்தாமலே ஆதாரம் என்ன சார் என்று கேட்பார்.

நான்தான் அண்ணா.